பத்தாம் பளையும் முதுமையின் உறைவிடமும்

மனிதன் தான் பிறக்கும் இடத்தைத் தானே தெரிந்தெடுப்பதில்லை. தொழில் புரியும் இடத்தையும் பெரும்பாலும் பிறரே தீர்மானிக்கின்றனர். அரசாங்க உத்தியோகத்தருக்கு இடமாற்றக் கடிதமே விதியாக அமைந்துவிடுகின்றது. எஞ்சிய காலத்தை எங்கே கழிப்பது என்னும் வினா ஒன்றுக்கே அவர் தம் விருப்பப்படி விடைகூற முடியும். ஆயினும், அவ்விடையைக் கூறவேண்டிய வேளை வரும்பொழுது கையிற் பணமும் காலில் வலுவும் குறைந்திருக்கும். அமைதியான இடம் வேண்டும்; அது சிறு வருவாய்க்குள் அடங்கவும் வேண்டும்; பல்லாண்டு பெயராது இருக்கத்தக்கதாகவும் அமைதல் வேண்டும். இம்மூன்றும் ஒருங்கே வாய்க்கும் இடத்தைத் தேடி உலகெங்கும் முதியோர் அலைகின்ற காலம் இது.

ஈழத்தின் வடபுலத்தில் முன்னைய தலைமுறையினருக்கு இத்தேடல் இருந்ததில்லை. 1901ஆம் ஆண்டின் ஓய்வூதியப் பிரமாணக் குறிப்பு அரசாங்க சேவையாளரின் முதுமைக்கால வருவாயை ஒழுங்குசெய்தது. கொழும்பிலும் கண்டியிலும் கந்தோர்களில் இருந்தோரும், கடல்கடந்து மலாயாவின் புகையிரதப் பகுதியிலும் ஏனைய திணைக்களங்களிலும் பணிபுரிந்தோரும் சேவை முடிந்ததும் தத்தம் ஊர்களுக்கே மீண்டனர். 'மலாயாப் பென்சனியர்' என்னும் பெயர் யாழ்ப்பாணத்து ஊர்களில் மதிப்புக்குரிய சொல்லாகவே வழங்கிற்று. அவர்களுக்கு வளவும் கிணறும் கோயில் வீதியும் பேசிப்பழகிய அயலும் முன்னரே ஆயத்தமாக இருந்தன. எங்கே இருப்பது என்று எவரும் அவர்களைக் கேட்கவில்லை. எப்பொழுது வருவீர்கள் என்றே கேட்டனர்.

போரும் இடப்பெயர்வும் புலப்பெயர்வும் அந்த ஒழுங்கைக் குலைத்துவிட்டன. முல்லைத்தீவு மாவட்டத்தின் வற்றாப்பளையிற் பிறந்த ஆசிரியர் ஒருவரின் வாழ்க்கை இம்மாற்றத்தை நன்கு விளக்கும். 1951இல் பிறந்த அவர் 35 ஆண்டுகள் வன்னிப் பாடசாலைகள் பலவற்றிற் கற்பித்து, 2011இல் ஓய்வுபெற்றார். தேசவழமை ஒரு குடும்பத்தின் சொத்தை முதுசொம், சீதனம், தேடிய தேட்டம் என மூன்றாக வகுக்கும். மூன்றும் அவருக்கு ஒருகாலத்தில் இருந்தன. மனைவி கொணர்ந்த சீதனக் காணி மகளின் திருமணத்தோடு கைமாறிற்று. உழைத்துத் தேடிய வவுனியா வீடு, மகனை வெளிநாட்டுக்கு அனுப்பும் செலவுக்காக விற்கப்பட்டது. எஞ்சியது வற்றாப்பளையில் தந்தைவழி வந்த முதுசொம் வளவு ஒன்றே. அதிலிருந்த வீடும் 2009இல் அழிந்தது, உறுதியும் எரிந்துபோயிற்று. 2014இல் மனைவியும் மறைந்தபின், கையில் ஓய்வூதியம் மட்டுமுள்ள தனியராக அவர் ஆனார்.

மறு ஆண்டு மகன் அவரைக் கனடாவுக்கு அழைத்தான். ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில், மாடிக் குடியிருப்பொன்றிற் குளிர்காலம் கழிந்தது. மகனும் மருமகளும் விடியுமுன் வேலைக்குச் செல்வர்; பேரப்பிள்ளைகள் பாடசாலைக்குச் செல்வர்; மாலை வரையில் வீட்டில் எந்தச் சந்தடியும் இராது. அமைதி அங்கே குறைவின்றிக் கிடைத்தது. எனினும், சாத்திய கதவுகளுக்குப் பின்னாலிருந்த அந்த அமைதியில் அவருக்கு மூச்சு முட்டிற்று.

அதே மாடியில் வாழ்ந்த முதிய கனடியர் ஒருவர் ஆண்டுதோறும் பனி விழுமுன் தெற்கே அமெரிக்காவுக்குப் புறப்பட்டுவிடுவார். அத்தகையோரை அந்நாட்டினர் 'பனிப்பறவைகள்' என்பர். அவர் செல்வது வாகனத்தில். தங்குவதும் அதே வாகனத்தில். படுக்கை, அடுப்பு, கழிப்பறை யாவும் அமைந்த அவ்வூர்தி ஒரு நடமாடும் வீடு. மருத்துவக் காப்புறுதியை இழவாதிருக்க 12 மாதங்களில் 153 நாட்களேனும் ஒன்ராறியோ மாகாணத்தில் இருத்தல் வேண்டும் என்பதால், அவர் நாட்காட்டியில் நாட்களை எண்ணிக் குறித்துவைத்திருந்தார். தங்குவதற்கு அமைதியான, வாடகை குறைந்த வளவுகள் எவை என்ற பட்டியலும் அவர் கையில் இருந்தது. மொழி அரைகுறையாகவே விளங்கிய போதிலும், அம்முதியவரின் கவலையை ஆசிரியர் முழுமையாக விளங்கிக்கொண்டார். அது தம்முடைய கவலையே என்பதை உணர்ந்தார்.

இந்த ஊர்தி வீடுகளின் உலகம் சிறிதன்று. அரிசோனா மாநிலத்தில் குவாட்சைட் என்னும் சிற்றூரைச் சூழ்ந்த பாலைநிலத்தில் குளிர்காலந்தோறும் பெருந்தொகையான ஊர்திகள் வந்து தரிக்கின்றன. அவ்வூரின் அருகே லா போசா என்னும் அரசாங்க நிலத்தில், செப்டம்பர் 15 முதல் ஏப்பிரல் 15 வரையிலான ஏழு மாதங்களும் தங்குவதற்குரிய அனுமதிக் கட்டணம் பல ஆண்டுகளாக 180 டொலராகவே இருந்து வந்தது. குடிநீரை ஓரிடத்திற் சென்று நிரப்பிக்கொள்ளல் வேண்டும். கழிவைக் குறித்த இடத்திற் கொண்டுசென்று கொட்டல் வேண்டும். மின்சாரத்துக்குச் சூரியத் தகடுகளை நம்பல் வேண்டும். மலிவு என்பதற்கு அங்கே கொடுக்கப்படும் விலை இது. இன்பச் சுற்றுலாவாக இவ்வாழ்வை மேற்கொண்டோர் ஒருபுறமிருக்க, 2008இன் நிதிநெருக்கடியில் வீட்டையும் சேமிப்பையும் இழந்து ஊர்திக்குள் ஒதுங்கியோரும் பலர். முதிய வயதிலும் பண்டகசாலைகளிற் பருவகாலக் கூலிகளாக உழைக்கும் அத்தகையோரின் நிலையை, ஜெசிக்கா புரூடர் 2017இல் வெளியிட்ட 'நோமட்லாண்ட்' என்னும் நூல் உலகறியச் செய்தது.

இவர்களைப் பற்றிய செய்திகளுள் ஒன்று சிறப்பாக நோக்கத்தக்கது. 1978இல் ஜோ பீற்றர்சன், கே பீற்றர்சன் என்னும் தம்பதியர் ஊர்தி வீட்டினருக்கென 'எஸ்கேப்பீஸ்' என்னும் கழகத்தைத் தொடங்கினர். தப்பிச் செல்வோர் என்பது அப்பெயரின் குறிப்பு. வீட்டு வரியிலிருந்தும் அயலவர் தொல்லையிலிருந்தும் தப்பிச் சென்றோர் முதுமையின் இறுதிப் படியை அடைந்தபொழுது, வாகனம் ஓட்டக் கண்ணும் கையும் உதவவில்லை. எனவே, ரெக்சாஸ் மாநிலத்தின் லிவிங்ஸ்ரன் என்னும் ஊரில், ஊர்திகளை நிலையாக நிறுத்தி, அவற்றினுள்ளேயே வாழ்ந்துகொண்டு, ஒருங்கிருந்து உண்ணவும், நோயுற்றவிடத்துத் துணைபெறவும் ஓர் ஏற்பாட்டை அக்கழகத்தார் செய்ய நேர்ந்தது. உலகிலேயே பெருஞ் சுதந்திரத்தை நாடிப் புறப்பட்டவர்களும் ஈற்றில் தமக்கென ஓர் அயலை உருவாக்க வேண்டியவராயினர்.

பனிக்காலம் முடிந்ததும் ஆசிரியர் இலங்கை மீண்டார். பிள்ளைகளின் வற்புறுத்தலால் வெள்ளவத்தையில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துச் சில மாதம் இருந்தார். ஓய்வூதியத்தின் பாதிக்கு மேல் வாடகைக்கே சென்றது. முதியோர் இல்லமொன்றிற் சேர்ப்பதற்கு மகள் இலண்டனிலிருந்து விசாரித்தாள். வற்றாப்பளையில் வாழும் தமக்கையாரோ தொலைபேசியில் வேறு பேச்சுப் பேசினார்: "தம்பி, கிணறு இறைச்சுத் துப்பரவாக்கி வைச்சிருக்கிறம். வாறதெண்டால் மாரிக்கு முந்தி வா. ஒரு கொட்டிலைப் போட்டிடலாம்." 2016இன் ஆவணி மாதத்தில், வந்து பார்த்துப்போகும் எண்ணத்துடனேயே அவர் அங்கு சென்றார்.

வற்றாப்பளை நந்திக்கடலின் கரையில் அமைந்த ஊர். ஒருபுறம் பரவைக்கடலும் மறுபுறம் வயல்களும் பனைகளும் அதனைச் சூழ்ந்துள்ளன. அயலே முள்ளியவளையும் தண்ணீரூற்றும் உள்ளன. மணலிற் தோண்டிய கிணற்று நீரும், வளவில் நட்ட முருங்கையும், பரவைக்கடலின் இறாலும் மீனும், அயல் வயலின் நெல்லும் சிறு வருவாயினரையும் தாங்கவல்லன. வாடகை என்னும் சுமை முதுசொம் வளவில் இல்லை. செலவைக் கணக்கிட்டுப் பார்த்தபொழுது, வெள்ளவத்தை அறைக்கான வாடகையின் அளவுக்குள் இங்கே முழு மாதச் செலவும் அடங்கிவிடும் எனக் கண்டார். ஆக, மலிவு என்னும் வினாவுக்கு விடை எளிதிற் கிடைத்துவிட்டது.

அமைதி என்னும் வினாவுக்குக் கிடைத்த விடையே அவரைக் கலங்க வைத்தது. ஓசையின்மை இருவகைப்படும். இயற்கையாகவே சந்தடி குறைந்த ஊரின் ஓசையின்மை ஒன்று. இருந்தவர்கள் இல்லாமற்போனதால் விளைந்த ஓசையின்மை மற்றொன்று. 2009ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களில், நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலப்பரப்பிலேயே போரின் முடிவு நிகழ்ந்தது. முள்ளிவாய்க்கால் என்னும் பெயர் அன்றுதொட்டு வெறும் ஊர்ப்பெயராக இருப்பதில்லை. மாலையிற் பரவைக்கடலின் கரையில் நின்று அக்கரையை நோக்கும்பொழுது, காற்றின் ஒலியன்றி வேறொன்றும் கேளாத அந்த அமைதியை அழகென்று கூற அவருக்கு நாவெழவில்லை. அவரிடம் படித்த பிள்ளைகள் பலரை அந்நிலம் கொண்டிருந்தது. அமைதியைத் தேடும் முதியவர் எவரும் இத்தகைய அமைதியைத் தேடுவதில்லை.

ஆயினும் அவ்வூரின் தொன்மைக் கதை அவருக்கு வேறொரு பொருளை உணர்த்திற்று. வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயிலின் தோற்றம் பற்றி வன்னி மக்கள் வழிவழியாகக் கூறிவரும் ஐதிகம் பலரும் அறிந்ததே. மதுரையை எரித்த கண்ணகி சினம் தணியாதவளாய் ஈழத்துக்கு வந்து, ஒன்பது இடங்களிற் தங்கி, பத்தாவதாகத் தங்கிய இடம் இதுவாதலின் 'பத்தாம் பளை' என வழங்கிப் பின் வற்றாப்பளை ஆயிற்று என்பர். நந்திக்கடற் கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவர் முன் அவள் ஒரு மூதாட்டியாகத் தோன்றினாள். தங்க இடம் கேட்டாள். சிறுவர் குழை கொண்டு ஒரு கொட்டில் அமைத்தனர். பசிக்கின்றது என்றாள், பாற்புக்கை பொங்கிக் கொடுத்தனர். பொழுதுபட்டது, விளக்கேற்றுக என்றாள். எண்ணெய் இல்லை என்றனர். கடல்நீரை வார்த்து ஏற்றுமாறு அவள் பணிக்க, விளக்கு எரிந்தது. தலை கடிக்கின்றது, பேன் பார்க்க என்றாள். பார்த்த சிறுவன் தலையெங்கும் ஆயிரங் கண்களைக் கண்டு திகைத்தான். வைகாசித் திங்களில் மீண்டும் வருவதாகக் கூறி அவள் மறைந்தாள். வைகாசிப் பொங்கலுக்கெனச் சிலாவத்தைக் கடலில் இன்றும் நீர் எடுக்கப்படுகின்றது. முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோயிலிலும், பின்னர் வற்றாப்பளையிலும் அந்த உப்புநீரில் விளக்கு எரிகின்றது.

இக்கதையை அம்மனின் அற்புதமாகவே யாவரும் கேட்பர். ஆசிரியர் முதுமையில் அதனை மீண்டும் எண்ணியபொழுது, ஊர் ஊராக அலைந்த மூதாட்டி ஒருத்தி தங்குமிடம் கண்ட கதையாகவும் அது தோன்றிற்று. அவள் கேட்டவை நான்கு: ஒரு கூரை, ஒருவேளை உணவு, ஒரு விளக்கு, தலையைத் தொட்டுப் பார்க்க ஒரு கை. முதல் மூன்றையும் பணம் கொடுத்துப் பெறலாம். அரிசோனாப் பாலைநிலத்தில் 180 டொலருக்குக் கிடைத்துவந்தது இடம். கூரை ஊர்தியோடு வருகின்றது. வெள்ளவத்தையிலும் கூரை உண்டு. கடைச்சாப்பாடும் மின்விளக்கும் உண்டு. நான்காவது எங்கும் விலைக்கு வருவதில்லை. ஒன்பது இடங்களில் நில்லாதவள் பத்தாவது இடத்தில் நின்றமைக்குக் காரணம், சிறுவர் முகஞ்சுளியாது அவள் தலையைத் தொட்டமையே என்று கொள்வதில் தவறில்லை.

பிசிராந்தையாரின் செய்தியும் இவ்விடத்து நினைக்கத்தக்கது. ஆண்டு பலவாகியும் நரை தோன்றாமைக்குக் காரணம் கேட்டோர்க்கு அப்புலவர் கூறிய விடை புறநானூற்றில் உள்ளது. மனைவி, மக்கள், ஏவலர், வேந்தன் என அடுக்கிவந்த அவர், தம் ஊரிற் பண்பட்ட சான்றோர் பலர் வாழ்தலை ஈற்றிற் கூறினார். வீட்டின் வசதியையோ நிலத்தின் வளத்தையோ அவர் குறிப்பிடவில்லை. முதுமையை எளிதாக்குவோர் சூழ இருக்கும் மனிதரே என்பதில் அப்பழம்புலவருக்கு ஐயம் இருக்கவில்லை.

பார்த்துப்போக வந்தவர் தங்கிவிட்டார். இந்திய அரசின் உதவியில், வீடொன்றுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா வீதம் வன்னியில் எழுந்த சிறு கல்வீடுகளுள் ஒன்றிலே தமக்கையார் குடும்பம் வாழ்ந்தது. அதனை அடுத்த தம் வளவில், கிடுகு வேய்ந்த இரண்டறைக் கொட்டிலை ஆசிரியர் அமைத்துக்கொண்டார். அயல் வளவில், போரிற் கணவனை இழந்த பெண்ணொருத்தி இரு பிள்ளைகளுடன் வாழ்ந்தாள். மாதந்தோறும் அரிசியும் ஒரு தொகைப் பணமும் அவர் கொடுப்பது, மதிய உணவை அவள் சமைத்துத் தருவது, பிள்ளைகளுக்கு மாலையில் தமிழும் கணிதமும் அவர் சொல்லிக்கொடுப்பது என ஓர் ஒழுங்கு ஏற்பட்டது. இவ்வளவையும் பேசி முடித்தபின் அவள் ஒன்றைச் சேர்த்துச் சொன்னாள்: "மாஸ்ரர், காலமை ஆறு மணிக்குக் கதவு திறக்காட்டில் நான் வந்து தட்டுவன். அதுக்கு நீங்கள் கோபிக்கப்படாது." கனடாவிலும் கொழும்பிலும் கிடைக்காதிருந்த ஒன்று அந்தச் சொல்லிற் கிடைத்தது. சில மாதங்களில் இரு பிள்ளைகள் பன்னிருவர் ஆயினர். மாமரத்தின் கீழ் வாய்ப்பாடு ஓதும் ஒலி அயலெங்கும் கேட்கும். அமைதியைத் தேடி வந்தவர் அவ்விரைச்சலையே நாள்தோறும் எதிர்பார்த்திருக்கலானார்.

இதனால் அவ்வூர் குறையற்றது என்று கொள்ளலாகாது. எரிந்த உறுதிக்குப் பதிலாகக் காணிப் பதிவகத்திற் பிரதி பெறவும், எல்லையை நிலஅளவையாளர் கொண்டு உறுதிசெய்யவும் அவர் பன்முறை அலைய நேர்ந்தது. இரவில் நெஞ்சு வலித்தால் மாஞ்சோலை வைத்தியசாலைக்கு முச்சக்கரவண்டி தேடல் வேண்டும். அதற்கு மேற்பட்ட சிகிச்சைக்கு வவுனியாவோ யாழ்ப்பாணமோ செல்லல் வேண்டும். மாரியில் வெள்ளமும் கோடையில் வெக்கையும் முதிய உடலை வருத்தும். அயலூரான கேப்பாபுலவின் மக்கள் நிலையோ இதனினும் கடிது. 2012 செப்டெம்பரில் மெனிக்பாம் முகாம் மூடப்பட்டபொழுது அவர்கள் தம் காணிகளுக்கன்றிச் சீனியாமோட்டைக்கே அனுப்பப்பட்டனர். படைமுகாமுக்குள் அகப்பட்ட காணிகளைக் கேட்டு, 2017 மார்ச்சில் அவர்கள் வீதியோரத்திற் தொடங்கிய போராட்டத்தில் முதியோரும் அமர்ந்திருந்தனர். முதுசொம் வளவு கண்ணெதிரே இருந்தும் அதிற் காலூன்ற இயலாதவர்க்கு, எங்கே ஓய்வது என்னும் வினா வேறு பொருளுடையது. வற்றாப்பளை ஆசிரியருக்கு வாய்த்த தெரிவு வன்னி முதியோர் யாவருக்கும் வாய்த்ததன்று.

இலங்கையில் 65 வயதும் அதற்கு மேலும் உடையோர் 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டில் 7.9 விழுக்காட்டினர், 2024ஆம் ஆண்டின் மதிப்பீட்டில் அவர்கள் 12.6 விழுக்காட்டினராயினர். பிள்ளைகள் கடல்கடந்து வாழும் வடபுலத்தில் இவ்வுயர்வின் சுமை மேலும் தெளிவாகத் தெரிகின்றது. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மூத்தோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரைப் புறக்கணித்தலாகாது என்று பிள்ளைகளுக்கு விதித்து, பராமரிப்புக் கோரி முறையிடவும் வழிசெய்துள்ளது. அது பணத்தைப் பெற்றுத் தரலாம். காலையிற் கதவு திறக்காததைக் கவனிக்கும் ஒருவரைப் பெற்றுத் தராது. பணம் அனுப்பும் பிள்ளைகளும் தம் கடமை முடிந்ததெனக் கருதுதல் கூடாது. மாதம் அனுப்பும் தொகையின் ஒரு சிறு பகுதி அயல் வீட்டுக்கும் சென்று, பெற்றோரைக் கவனிப்பவரின் உழைப்பு மதிக்கப்படுமாயின், ஒரே செலவில் இரு குடும்பங்கள் தாங்கப்படும். அவ்வாறே கோயிற் சபைகளும் சனசமூக நிலையங்களும் தம் அருகே தனித்து வாழும் முதியோருக்குச் சிறு குடில்கள் சிலவற்றை அமைப்பது வன்னிக்கு இயலாத காரியமன்று. நிலமும் கிடுகும் மரமும் உண்டு. பழைய மடங்களின் மரபும் உண்டு. செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு நடந்து செல்லும் அடியாருக்கு வழிநெடுக இடமும் உணவும் அளித்துவரும் மக்களுக்கு, நடக்க இயலாது ஓரிடத்தில் இருந்துவிட்டவரை ஆதரிக்கும் முறையைப் பிறர் கற்பிக்க வேண்டியதில்லை.

வைகாசிப் பொங்கலன்று வற்றாப்பளை மக்கள் வெள்ளத்தில் மூழ்கும். நாட்டின் பல பாகங்களிலிருந்தும் புலம்பெயர் நாடுகளிலிருந்தும் வருவோரால் கோயில் வீதியும் நந்திக்கடற் கரையும் நிரம்பும். பொங்கல் திங்கட்கிழமை; செவ்வாய்க்கிழமை பொழுது புலர்ந்ததும் சிறப்புப் பேருந்துகள் புறப்பட்டுவிடும், கடைகள் பிரிக்கப்படும், வெளிநாட்டுப் பிள்ளைகள் பயணப் பைகளைக் கட்டுவர். முதியவர் ஒருவர் தமக்குரிய ஊரைத் தெரிந்தெடுக்க விரும்பின், அவ்வூரைத் திங்கட்கிழமையிற் பார்த்தல் போதாது. செவ்வாய்க்கிழமை காலையில் அங்கே எவர் எஞ்சியிருக்கின்றனர், அவர்களுள் எவர் வந்து கதவைத் தட்டுவர் என்று அறிந்துகொண்டே தங்குதல் வேண்டும்.